'எட்டு வெள்ளி' என்றால் எட்டு ரிங்கிட்: கோலாலம்பூருக்குப் புதிதாக வரும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

வேலை அனுமதியோடு தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வருபவரைத் தடுக்கி விழவைப்பது இந்நகரத்தின் புதுமை அன்று, அதன் பழகிய முகம்தான். விமான நிலையத்திலேயே தமிழ் காதில் விழுகிறது. தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கின்றன, வண்டிகளும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்ட நினைப்பில் நம் வழக்கப்படியே பேசவும் பழகவும் தொடங்கிவிடுகிறோம். நானும் மதுரையிலிருந்து வந்த புதிதில் அப்படித்தான் தொடங்கினேன். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் பழகும்போது 'இது வேறு பண்பாடு' என்ற எச்சரிக்கை இயல்பாகவே இருந்ததால் அங்கே நான் அதிகம் தவறவில்லை. நம்மைப் போலவே இருக்கும் மலேசியத் தமிழரிடம்தான் அடுத்தடுத்துத் தவறினேன். கீழுள்ள படிகளை அந்த அனுபவத்திலிருந்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: வந்த வாரத்தின் சில்லறை வேலைகள்

இந்திய நேரத்தைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி எழுந்து மாலை ஏழு மணிக்குப் பிறகு மறைகிறது, ஆண்டு முழுவதும் இதில் பெரிய மாற்றமில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து நடக்கப் போகும் பழக்கமுள்ளவர்கள் கும்மிருட்டில் நடக்க வேண்டியிருக்கும். மின்சாரம் 240 வோல்ட், செருகி சதுரக் கால்கள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை. ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸிக்கு மாற்றுச் செருகியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாளே 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்றை வாங்கிவிடுங்கள். இரயில், பேருந்து, நெடுஞ்சாலைச் சுங்கம் ஆகிய அனைத்துக்கும் அது பயன்படும். சுங்கச் சாவடிகளில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால், நண்பரின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர்கள் அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. கேடிஎம் கொமுட்டர் இரயிலில் இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டி பெண்களுக்கானது. அவசரத்தில் அதில் ஏறி, எல்லோரும் தன்னையே பார்ப்பதை இரண்டு நிலையங்கள் கழித்து உணர்ந்த ஆண்கள் பலர் உண்டு. இரயிலில் டுரியான் பழம் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. அதன் மணத்தை ஒருமுறை அறிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

கடையில் 12.48 ரிங்கிட் என்று கணக்கு வந்தால் 12.50 வாங்குவார்கள், 12.47 என்றால் 12.45 வாங்குவார்கள். 2008-இலிருந்து ரொக்கக் கணக்கை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு (நூறு சென் ஒரு ரிங்கிட்) முழுமையாக்குவது நடைமுறை. ஏமாற்றுகிறார்கள் என்று வாதாடத் தேவையில்லை.

உடல்நலமில்லாமல் கிளினிக்குக்குப் போனால், மருத்துவரைப் பார்த்த பின் மருந்தும் அங்கேயே பையில் போட்டுக் கொடுப்பார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை தேடும் வழக்கம் தனியார் கிளினிக்குகளில் பெரும்பாலும் இல்லை. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கிளினிக் எது என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: வீடு

வாடகை வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வைப்புத்தொகை, அத்துடன் முதல் மாத வாடகை என்பது பொதுவான கணக்கு. வாடகை 2,000 ரிங்கிட் என்றால் சாவி கைக்கு வருமுன் 7,000 ரிங்கிட் வேண்டும். முதல் சம்பளத்துக்கு முன்பே இது தேவைப்படும் என்பதை ஊரிலேயே கணக்கில் கொள்ளுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டப்பட்டிருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தகராறு வரும்போது முத்திரையில்லாத தாளை நம்பி நிற்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு தேடும்போது முகவர் தொலைபேசியில் உங்கள் இனத்தைக் கேட்கலாம், இந்தியர் என்றதும் 'உரிமையாளருக்கு விருப்பமில்லை' என்று முடித்துக்கொள்ளவும் செய்யலாம். எனக்கு முதல் மாதத்தில் நான்கு முறை இப்படி நடந்தது. வெளிநாட்டவர் என்பதால் வந்த மறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் இருந்த மலேசியத் தமிழர் சிரித்துக்கொண்டே, இங்கேயே பிறந்து வளர்ந்த தமக்கும் அதே பதில்தான் கிடைத்தது என்றார். முகவரிடம் முதல் அழைப்பிலேயே 'இந்தியர் குடும்பம், உரிமையாளருக்குச் சம்மதமா?' என்று நாமே கேட்டுவிட்டால் அலைச்சலாவது மிச்சமாகும். அது நியாயமான ஏற்பாடு என்று சொல்லவில்லை. விடுமுறை நாளில் வெயிலில் அலைந்து கதவருகே நின்று கேட்பதைவிட மேல், அவ்வளவுதான்.

அடுக்ககங்களில் நான்காம் மாடிக்குப் பதிலாக '3ஏ' என்ற எண் இருக்கக் காணலாம். சீன மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. வாசலில் இருக்கும் காவலரை உள்ளூர்த் தமிழர் 'ஜாகா' என்பார்கள். விருந்தினர் வந்தால் அவரிடம் பெயர் பதிய வேண்டும் என்பதால், சொல்லாமல் கொள்ளாமல் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டும் நம் வழக்கம் இங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறது. எந்த இனத்தவர் வீடாயினும் செருப்பை வெளியே கழற்றுவது வழக்கம், அதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உள்ளூர்த் தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள்

மலாய் கற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், தமிழையும் கற்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. வந்த மூன்றாம் நாள் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் சாமான் வாங்கிவிட்டு எவ்வளவு என்று கேட்டேன். 'எட்டு வெள்ளி' என்றார் கடைக்காரர். நான் நின்று விழித்தேன். இங்கே ரிங்கிட்டுக்கு வெள்ளி என்று பெயர், சென்னுக்குக் காசு. அதே வாரம் எதிர்வீட்டு அக்கா 'பசியாறியாச்சா?' என்று கேட்டார். என் பசியைப் பற்றி இவருக்கு ஏன் இத்தனை கவலை என்று குழம்பினேன். பசியாறுதல் என்றால் காலைச் சிற்றுண்டி உண்பது. எவ்வளவு அழகான சொல்லை நாம் 'டிபன்' என்ற சொல்லுக்காகக் கைவிட்டோம் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

மலாய்ச் சொற்களும் உள்ளூர்த் தமிழில் இயல்பாகக் கலந்திருக்கின்றன. 'சுசா' என்றால் தொல்லை, சிரமம். 'பெலாஞ்சா' என்றால் பிறருக்குச் செலவுசெய்து வாங்கிக் கொடுப்பது. 'இன்றைக்கு நான் பெலாஞ்சா' என்று ஒருவர் சொன்னால் நீங்கள் பணப்பையை எடுக்க வேண்டாம், ஆனால் அடுத்த முறை உங்கள் முறை என்பதை மறக்கவும் வேண்டாம். 'கம்பம்' என்றால் தேனி மாவட்டத்து ஊர் அன்று, கிராமம். உணவைக் கட்டி எடுத்துச்செல்வது சீனச் சொல்லின் வழியே 'தப்பாவ்' ஆகியிருக்கிறது. கொடுக்கல் வாங்கல் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. கடை மலாயில் 'கெடாய்' என்றும், கோயில் 'குயில்' என்றும், கப்பல் 'காப்பால்' என்றும், கட்டில் 'காத்தில்' என்றும் வழங்குகின்றன. சாலைப் பலகையில் 'குயில்' என்று கண்டு பறவைகள் சரணாலயம் என்று எண்ணிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

இதைவிட முக்கியமானது, எதைக் கேட்கக் கூடாது என்பது. உடன் பணிபுரிந்த ஒருவரிடம் நட்பாகத்தான் 'உங்கள் சொந்த ஊர் எது?' என்று கேட்டேன். 'சுங்கை சிப்புட்' என்றார். 'அதில்லை, இந்தியாவில் எந்த ஊர்?' என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'என் தாத்தாவே இங்கேதான் பிறந்தார்' என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய முன்னோர் பிரிட்டிஷார் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்க, வந்தவர்கள். அவருக்குச் சொந்த ஊர் பேராக் மாநிலத்தில் இருக்கிறது. என் கேள்வியோ அவரை விருந்தாளியாக்கிவிட்டது. நம் ஊரில் அக்கேள்வியின் அடியில் சாதியும் ஒளிந்திருக்கும் என்பதை அவரும் அறியாதவர் அல்லர்.

இந்நாட்டுத் தமிழ், தமிழ்நாட்டின் நிழல் அன்று. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பைத் தொடக்கமாகக் கொண்டு, தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டை இவர்கள் 2016-இல் கொண்டாடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன, அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவான மின்னல் எஃப்எம் நாள்தோறும் தமிழில் பேசுகிறது. இத்தனைக்குப் பிறகும் 'உங்களுக்குத் தமிழ் நன்றாக வருகிறதே!' என்று பாராட்டும் புதியவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பாராட்டையும் நான் ஒருமுறை வழங்கியிருக்கிறேன். வாக்கியத்துக்கு மூன்று ஆங்கிலச் சொல் கலந்து பேசிய என்னிடம், 'உங்களுக்கும் பரவாயில்லை' என்று பதில் வந்தது.

நான்காம் படி: பெயரும் விளிப்பும்

மலாய்க்காரருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'பின்', 'பிந்தி' என்பவற்றுக்குப் பின்னால் வருவது தந்தையின் பெயர். எனவே ஹசானின் மகனான ரோஸ்லானை 'திரு ஹசான்' என்று அழைத்தால் அவருடைய தந்தையை அழைத்ததாகும். 'என்சிக் ரோஸ்லான்' என்பதே சரி. பெண்களுக்கு 'புவான்', மணமாகாதவருக்கு 'சிக்'. நம்மவருக்கு இம்முறை எளிதில் புரியும், நமக்கும் தந்தை பெயர்தானே முன்னெழுத்தாக நிற்கிறது. மலேசிய இந்தியரின் அடையாள அட்டையிலும் 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் இரு பெயர்களுக்கும் நடுவே இருக்கும். சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும்.

டத்தோ, டான்ஸ்ரீ, துன் முதலிய விருதுகள் பெற்றவர்களை அவ்விருதோடு சேர்த்தே அழைக்க வேண்டும். கூட்டத்தில் டத்தோ ஒருவரை வெறும் 'சார்' என்று நான் விளித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேலாளர்தான் பிறகு தனியே கூப்பிட்டுச் சொன்னார். கடைகளிலும் தெருவிலும் இத்தனை சிக்கல் இல்லை. உணவகப் பணியாளரை 'அண்ணே' என்று எல்லா இனத்தவரும் அழைப்பார்கள், 'பாஸ்' என்பதும் இருபக்கமும் செல்லுபடியாகும். வயதில் மூத்தவர் எவரும் அங்கிள் அல்லது ஆண்டி.

ஐந்தாம் படி: கடையில் கேட்டு வாங்குதல்

தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றச் செய்த 'மாமாக்' கடைகள் பல இரவு முழுவதும் திறந்திருக்கும். மூன்று இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து காற்பந்து பார்க்கும் இடம் அது. அங்கே வெறுமனே 'ஒரு டீ' என்று சொன்னால் கெட்டியான இனிப்புப் பால் கலந்த தேநீர் வரும். 'தே ஓ' என்றால் பாலில்லாத, சர்க்கரை போட்ட தேநீர். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது. 'தே சி' என்றால் இனிப்பற்ற, சுண்டவைத்த டின் பால் கலந்தது. ஆற்றி நுரை பொங்கத் தருவது 'தே தாரிக்'. காப்பிக்கும் இதே இலக்கணம்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்ற இரண்டு சொற்களை விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஆனால் இவர்களின் 'குறைவு' நம் 'நிறைவு' என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்டு முடித்ததும் 'கிரா' என்று சொன்னால் கணக்குப் பார்ப்பார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

சைவ உணவுக்காரர்கள் இங்கே விழிப்போடு இருக்க வேண்டும். காய்கறிப் பொரியலிலும் சம்பால் என்னும் மிளகாய்த் துவையலிலும் 'பெலாச்சான்' என்னும் உலர்ந்த இறால் விழுது கலந்திருப்பது மிகச் சாதாரணம், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பாலிலும் நெத்திலி இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். இறைச்சியைக் குறிக்கும் 'டாகிங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு மாட்டிறைச்சி என்ற பொருளே பலர் மனத்தில் முதலில் தோன்றும். ஆகவே கோழி, மீன், இறால், பெலாச்சான் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். சீன பௌத்தர்களின் சைவக் கடைகளில் வாத்து, மீன் போன்ற தோற்றத்தில் தட்டு வந்தாலும் அது சோயாவில் செய்ததே. என் தாயார் அதைக் கண்டு எழுந்து வெளியே போய்விட்டார், விளக்கிச் சொல்லித் திரும்ப அழைத்து வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆறாம் படி: அலுவலகம்

வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஆண்கள் கூட்டுத் தொழுகைக்குச் செல்வார்கள். பகல் இடைவேளை அன்று நீளும் என்பதால் அந்நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். பொதுக் குளிர்பெட்டியிலும் மைக்ரோவேவிலும் ஹலால் அல்லாத எதையும் வைக்காமலிருப்பது அடிப்படை மரியாதை. 'பன்றி இறைச்சி இல்லை' என்று கடை எழுதி வைத்திருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல, இரண்டாவதுதான் கணக்கு. நோன்பு மாதத்தில் நமக்கு உண்ணத் தடையில்லை, எனினும் நோன்பிருப்பவரின் மேசையருகே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதைத் தவிர்க்கலாம்.

எதிர்ப்பாலரோடு கைகுலுக்க மலாய்க்காரர் பலர் விரும்பமாட்டார்கள். அவர்கள் கையை நீட்டும்வரை பொறுத்திருந்து, நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். ஒரு பொருளையோ ஆளையோ ஆட்காட்டி விரலால் சுட்டுவது முரட்டுத்தனமாகக் கொள்ளப்படும். விரல்களை மடக்கிப் பெருவிரலால் சுட்டுவார்கள். நம் தலையாட்டலும் இவர்களுக்குப் புரியாது. ஆம் என்று நினைத்து நான் ஆட்டிய தலையை மறுப்பாகக் கொண்ட சீன நண்பர் ஒருவர், வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

மறுப்பை நேராகச் சொல்வது அரிது. 'நாந்தி', அதாவது 'பிறகு பார்க்கலாம்' என்பது பெரும்பாலும் 'இல்லை' என்பதன் மென்மையான வடிவம். 'போலே' என்றால் முடியும், 'தா போலே' என்றால் முடியாது; ஆனால் சற்று இழுத்துச் சொல்லப்படும் 'போலே' எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காதுதான் பழகி அறிய வேண்டும். குரலை உயர்த்தினால் காரியம் கெடும். வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வருவதாகச் சொல்லி மூன்று முறை வராத ஒருவரிடம், மதுரையில் செய்வதைப் போலத் தொலைபேசியில் சத்தம் போட்டேன். அவர் பணிவாக 'ஓகே பாஸ்' என்றார். பிறகு என் எண்ணிலிருந்து போன அழைப்பை அவர் எடுத்ததே இல்லை. எதிர்வீட்டு அக்கா சிரித்துப் பேசி வேறொருவரை அரை மணியில் வரவழைத்தார்.

இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றைப் பற்றியும் பொது இடத்திலும் சமூக ஊடகத்திலும் கருத்துச் சொல்லாதீர்கள். 1948-ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உள்ளூர் நண்பர்கள் தமக்குள் கேலியாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு நாமும் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைப்பது இன்னும் பெரிய பிழை. அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

ஏழாம் படி: பண்டிகைகளும் திறந்த இல்லமும்

முதல் ஆண்டில் தைப்பூசத்தைத் தவறவிடாதீர்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அன்று பொது விடுமுறை. துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டுப் பத்துமலைக்குச் செல்லும். அங்கே 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கடந்து 272 படி ஏற வேண்டும். காவடி எடுப்பவர்களில் சீனர்களையும் காண்பீர்கள். காரை எடுத்துச் செல்லாமல், பத்துமலைக்கே செல்லும் கொமுட்டர் இரயிலைப் பிடியுங்கள். முதல்முறை பார்த்தபோது, இத்தனை நாள் 'நம் ஊர் மாதிரி' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்று தோன்றியது. இப்படி ஒன்றை என் ஊரில் நான் கண்டதில்லை.

பண்டிகைக்காலத்தில் வீட்டைத் திறந்துவைத்து எல்லா இனத்தவரையும் அழைப்பதைத் தமிழ் நாளிதழ்கள் 'திறந்த இல்ல உபசரிப்பு' என்று எழுதும். ஒரே நாளில் மூன்று வீட்டு அழைப்பு வரலாம் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சமாக உண்ணுங்கள். நோன்புப் பெருநாளில் பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் பணம் கொடுப்பார்கள், சீனப் புத்தாண்டில் சிவப்பு உறையில் 'அங்பாவ்' கொடுப்பார்கள். சீன வழக்கத்தில் மணமானவர்தான் கொடுக்க வேண்டும், மணமாகாதவர் வாங்கிக்கொள்ளலாம். உறையில் நான்கு வெள்ளி மட்டும் வைக்காதீர்கள். சீனருக்குக் கடிகாரமும் பரிசளிக்க வேண்டாம்.

உங்கள் முதல் தீபாவளிக்கு நீங்களும் அழையுங்கள். ஹலால் சான்றிதழுள்ள கடையிலிருந்து உணவை வரவழைத்து, அக்கடையின் பெயரை விருந்தினருக்குத் தெரியும்படி சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கூடாது. வீட்டுப் பாத்திரங்களை விடுத்துப் புதிய காகிதத் தட்டுகளை வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் தயக்கமின்றி உண்பார்கள். முறுக்கு மட்டும் நீங்கள் நினைப்பதைப் போல் இருமடங்கு வேண்டும், ஏனெனில் இந்நாட்டில் எல்லா இனத்தவருக்கும் அது பிடிக்கும். நேரத்துக்கு வருபவர் இருவர், இரண்டு மணி நேரம் கழித்து வருபவர் இருபது பேர். கதவருகே செருப்புகளுக்கு இடம் ஒதுக்குங்கள், ஜாகாவிடம் வண்டி எண்களை முன்பே கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ஒரு தட்டு அனுப்புங்கள். போகும்போது தப்பாவ் கேட்பார்கள், அதற்குப் பையும் இரப்பர் வளையமும் நிறைய வாங்கி வையுங்கள்.